சீப்பின் விலாசம்

எங்கள் சிறையில் முடி வெட்டுபவருக்குச் சீப்பு என்று பட்டப்பெயர். அவரும் கைதிதான். குடித்துவிட்டு வேன் ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமானவர். ஒன்பது வருடத் தண்டனையில் ஏழு முடிந்திருந்தது. வாய் ஓயாது. தலை அவர் கையில் இருக்கும்வரை ஜெயிலரே ஆனாலும் அவர் கதையைக் கேட்டுத்தான் தீரவேண்டும்.

கைதிகளும் ஓட்டுப் போடலாம் என்று இந்த ஆண்டுதான் உத்தரவு வந்தது. படிவம் வாங்கி அனுப்பும் வேலை குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது. முதல் ஆளாகக் கொடுத்தவர் சீப்பு. விலாசம் என்ற கட்டத்தில் ‘இரண்டாம் பிளாக், பதினோராம் அறை’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். நானும் பார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன். சிறை அறையெல்லாம் விலாசமாகாது, வெளியே ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று படிவம் திரும்பி வந்தது. கெடு முடிய இரண்டே நாள்.

“எனக்கு வீடு இல்ல சார். விட்டுடுங்க.”

அன்று முழுக்க அவர் வேறு எதுவும் பேசவில்லை. எனக்கோ எரிச்சல். வீடு இல்லை என்கிற மனிதர் இரண்டு வருடம் கழித்து எங்கே போய் நிற்பார்? பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அவருடைய அக்கா வீட்டு விலாசமும் போன் நம்பரும் இருந்தன. தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலிலேயே, இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போன அக்கா. அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டு பேசினேன்.

மறுநாள் காலை சவரத்துக்கு உட்கார்ந்தேன். ஒரு பக்கக் கன்னம் முடிந்ததும், “முதல்ல கத்தியக் கீழ வைங்க” என்றேன். வைத்தார்.

அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். வாக்காளர் பட்டியலில் வீட்டில் இருப்பவர்களின் பெயரைச் சரிபார்க்க வருடா வருடம் ஆள் வருவார்களாம். தம்பி பெயரை அடித்துவிடலாமா என்று கேட்பார்களாம். அடிக்காதீர்கள், வெளியூர் போயிருக்கிறான், வருவான் என்றுதான் ஏழு வருடமும் சொல்லியிருக்கிறார். ஒப்புதல் கையெழுத்தையும் அன்றே போட்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

சீப்பு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “வருவான்னா சொன்னா அக்கா?”

“ஆமா. அழுத்திச் சொன்னாங்க.”

மனிதர் ஓவென்று அழுதார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மறுபக்கக் கன்னத்தில் சோப்பு காய்ந்ததைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஓட்டு நாளன்று சாப்பாட்டுக் கூடத்தில் நீளமான வரிசை. சீப்பின் முறை வந்ததும், தேர்தல் அலுவலர் அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் தெருவையும் உரக்கப் படித்து, சரிதானா என்று கேட்டார்.

“சரிதாங்க” என்றார் சீப்பு. “இன்னொரு தடவ படிங்களேன்.”