வெள்ளிச் செப்புத் திருநீறு

இது நடந்த கதை. நம்பாதவர்கள் இத்தாலியின் பலேர்மோவிலிருந்து பகேரியாவுக்கு ரயிலேறிப் போய் அங்கே வீட்டுவேலை பார்க்கும் பிரேமினியையே கேட்கலாம். இந்தப் பேச்சை எடுத்தாலே அவளுக்கு இன்றைக்கும் குமட்டும்.

போன மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை 10.40. அந்தப் பழைய மாளிகையின் வரவேற்பறையைப் பிரேமினி துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி, எண்பத்துநாலு வயது சிஞ்ஞோரா, தேவாலயத்துக்குப் போயிருந்தார். பதினொன்றரைக்கு வந்து வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் பிரேமினியின் பெர்மெஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. இரண்டு பிள்ளைகளோடு நாட்டைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

சுவர் முழுக்கச் சிஞ்ஞோராவின் தாத்தா. ஜேர்மன் ஊமைப்பட நடிகர். இருபத்திரண்டு படம், எல்லாவற்றிலும் செத்து எழும்பும் பிணம். வெள்ளை பூசிய மூஞ்சி, கறுத்த உதடு. பேசும் படம் வந்ததும் அவருடைய கீச்சுக் குரலைக் கேட்டுக் கொட்டகையே சிரித்ததாம். அத்தோடு தொழில் போச்சு. மனிதர் இங்கே வந்து அடைந்துவிட்டார்.

நல்ல காரியம் என்றால் பிரேமினிக்கு நெற்றியில் திருநீறு வேண்டும். அன்றைக்கென்று மறந்துவிட்டாள். தாத்தாவின் படத்தடியில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் வெள்ளிச் செப்பு, உள்ளே சாம்பல் நிறத் தூள். அட, இவர்களும் வைத்திருக்கிறார்களே! கும்பிட்டுப் பூசினாள். வழக்கப்படி ஒரு சிட்டிகை நாக்கிலும் போட்டாள்.

10.52.

ஊசிப்போன கொழுப்பு வாடை... பல்லில் ஏதோ நறநறத்தது. சீ! ஓடிப்போய்த் துப்பினாள். கறுப்பாக வந்தது. மறுபடி துப்பினாள். இன்னும் கறுப்பு...

கண்ணாடியில் அவள் புருவம் தானாக ஏறியது.

11.05. போன் அடித்தது. கணவன் சாந்தரூபன்.

"என்னப்பா, அவ வந்திட்டாவோ?"

வாய் அசைந்தது. சத்தமில்லை.

"கதையுமன்! கேக்குதோ?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

11.30. கதவு திறந்தது. சிஞ்ஞோரா.

பிரேமினியின் வாயும் திறந்தது.

கீச்சென்று ஓர் ஆண் குரல். ஜேர்மன். அவளுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.

சிஞ்ஞோரா அழுதார். சிரித்தார். அவள் கன்னத்தைத் தடவினார். உட்கார்ந்து ஒப்பந்தத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நாலு மணிக்குத்தான் குரல் திரும்பியது. அது என்ன தூள் என்று கேட்டாள்.

"தாத்தாவின் சாம்பல்."

பிரேமினி வாளியைக் கட்டிப்பிடித்து வாந்தியெடுத்தாள். சிஞ்ஞோரா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"தொழில் போனபிறகு சாகும்வரை அவர் வாயே திறக்கவில்லை. எல்லாம் துண்டுச் சீட்டில்தான். என்னைச் சுண்டெலி என்று எழுதுவார். இன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் காதால் கேட்டேன்."

வீட்டில் சாந்தரூபன் ஒப்பந்தத்தை வாசித்தான்.

"கையெழுத்து இருக்கு. ஆனா இஞ்சை பாரும், பகல் வேலை எண்டதை வெட்டியிருக்கிறா. நீர் அங்கையே தங்கோணுமாம்."

"ஏனாம்?"

"தாத்தாவுக்கு இன்னும் கனக்கக் கதைக்கக் கிடக்காம்."