சபேசன் முழங்காலில் ஒரு மடிப்பு

போன வெள்ளிக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். சரியாக முகூர்த்த நேரத்தில் கல்யாணப் பெண் அப்பாவின் மடியிலிருந்து சறுக்கி, மேடையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

சிரிக்காதீர்கள். நான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது.

அப்பாவின் பெயர் சபேசன். எனக்குப் பக்கத்து வீடு; மின்சார ரயிலில் எதிர் ஸீட். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட். ராதா அவருக்கு ஒரே பெண். அவர்கள் வழக்கப்படி பெண்ணை அப்பா மடியில் உட்கார்த்திக்கொள்வார். அப்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். அதற்கு அப்பாவின் முழங்கால் மடங்க வேண்டும். சபேசனின் வலது முழங்கால் மடங்காது.

ஏன் மடங்காது? விபத்தா? போலியோவா? வாதமா? ஒன்றுமில்லை. ஒரு வார்த்தைதான் காரணம்.

சில வருஷங்களுக்கு முன்னால், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இறங்கும்போது அவர் முழங்காலில் 'டொக்'கென்று ஒரு சத்தம். நேராக எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார்.

"இது பிளைகா சார். மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வுல ஒரு சின்ன மடிப்பு. பயப்பட ஒண்ணுமில்லை. நல்லா மடக்கி நீட்டி எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார் — அடுத்த நோயாளிக்காக மணியை அடித்துக்கொண்டே.

சபேசன் காதில் 'பிளைகா' ஏறியது. மற்றதெல்லாம் மணிச் சத்தத்தில் போய்விட்டது.

இங்கே எங்கள் ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் வருகிறவர்களில் வியாதி இல்லாதவனுக்கு மரியாதை கிடையாது. குரோம்பேட்டையில் ஏறுகிறவருக்கு ஃப்ரோசன் ஷோல்டர். பல்லாவரத்துக்காரருக்கு ஸ்பான்டிலோசிஸ், கழுத்தில் பட்டை வேறு. வெறுமனே 'கழுத்து வலி' என்று சொல்லிப் பாருங்களேன்... "தலகாணியை மாத்துங்க சார்" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார்கள். ஸ்பான்டிலோசிஸ் என்றால்? எழுந்து ஜன்னல் ஸீட் தருவார்கள்!

அந்தச் சபையில் போய் சபேசன் 'பிளைகா' என்றார். பெட்டியில் பேப்பர்களெல்லாம் மடங்கின. யாருக்கும் இல்லாத வியாதி! பல்லாவரத்துக்காரர் கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டு, "ஸ்பெல்லிங் என்ன சார்?" என்றார். அவர் குரலில் இருந்தது பொறாமையைத் தவிர வேறில்லை.

அன்றிலிருந்து சபேசன் காலை மடக்குவதை நிறுத்திவிட்டார்.

"ஏன்னா, டாக்டர் மடக்கச் சொன்னாரா, மடக்க வேண்டாம்னாரா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜெயா மாமி.

"உள்ளே மடிப்பு இருக்குன்னுட்டார். ஏற்கெனவே மடிஞ்சு கிடக்கிறதை மறுபடி மறுபடி மடிச்சா என்னடி ஆகும்? பிஞ்சு போயிடாதா?"

வேஷ்டிக்கும் முழங்காலுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த மனிதர் பி.ஏ. எகனாமிக்ஸ்.

வீட்டில் டைனிங் டேபிள் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சபேசனுக்கு ஒரு நாற்காலி, அவர் காலுக்கு ஒரு நாற்காலி. கல்யாண வீடுகளில் அந்தக் கால்தான் முன் வரிசை. ரயிலில் அது என் ஸீட்டுக்கு வந்து, என் மடியருகே பத்திரமாகப் படுத்துக்கொள்ளும். ஊரே அதைச் சுற்றிக்கொண்டு போனது. போகாதவர் ஒரே ஒருவர்தான் — ஸ்டேஷன் ஆட்டோக்காரர்.

"இன்னா சார், காலு வெளிய தொங்கினு கீது? உள்ள மடக்கு சார். பஸ்காரன் இஸ்துகினு பூடுவான்!"

"பிளைகாப்பா, மடக்கக் கூடாது."

"அப்ப பெட்ரோல் வண்டி வேணாம் சார், மாட்டு வண்டில படுத்துகினு போ."

அந்த ஆட்டோவில் அப்புறம் அவர் ஏறவே இல்லை.

ராதாவுக்கு வரன் நிச்சயமானதும்தான் வீட்டில் எல்லோருக்கும் சுரீர் என்றது. அவள் கேட்டது பட்டுப் புடவை அல்ல, நகை அல்ல. "அப்பா, உன் மடியில உக்காந்துண்டுதான் நான் தாலி கட்டிப்பேன். அதுக்குள்ள காலைச் சரி பண்ணிக்கோ" என்றாள். கையோடு அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். அது மரக்கட்டை மாதிரி நின்றது.

"யார் சார் உங்களை மடக்க வேண்டாம்னு சொன்னது?"

"நீங்கதான்... பிளைகான்னு..."

"அது நிறையப் பேருக்குப் பிறக்கும்போதே இருக்கிற சமாசாரம் சார். எனக்கு இருக்கலாம், இதோ, எங்க கம்பவுண்டருக்கும் இருக்கலாம்."

சபேசன் முகம் செத்துவிட்டது. கால் போனதற்காக அல்ல. கம்பவுண்டருக்கும் இருக்கும் என்றதற்காக!

டாக்டரை மட்டும் சும்மா விடலாமா? ஒரு நிமிஷம் மணியை அடிக்காமல் இருந்து, 'உங்க கால் நல்லா இருக்கு, போய் மடக்குங்க' என்று தமிழில் சொல்லியிருந்தால் ஒரு கால் பிழைத்திருக்கும். அவர் அன்றும் மணியில் கை வைத்தபடிதான் பேசினார். "இப்ப தசையெல்லாம் இறுகிப் போச்சு. கான்ட்ராக்சர். தினமும் கொஞ்சம் கொஞ்சமா மடக்குங்க. வலிக்கும். ஆனா கல்யாணத்துக்குள்ள உட்கார்ற அளவுக்கு வந்துடும்."

ராதா தினமும் காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். காலைப் பிடித்து மெல்ல மடக்கினாள். என் வீட்டு ஜன்னலில் அவள் குரல் கேட்கும்: "இன்னும் கொஞ்சம்ப்பா... கொஞ்சம்தான்..." அவர் "ஐயோ" என்பார். கொஞ்ச நாளில் ஐயோவும் நின்றது, ஒத்தடமும் நின்றது. ரயிலில் கேட்டேன்.

"கான்ட்ராக்சர் சார். அதைப் பலவந்தம் பண்ணக் கூடாது" என்றார் சபேசன், கண்ணில் பழைய களையுடன். எனக்கு அவரை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடலாமா என்று இருந்தது.

கல்யாணத்தன்று மந்திரம் சொல்லும் வாத்தியார், தரையில் உட்கார வேண்டாம், நாற்காலியே போதும் என்று இறங்கி வந்தார். நாற்காலியில் நெல்லைப் பரப்பி, மேலே துணி விரித்து, சபேசனை உட்கார வைத்தார்கள். வலது கால் பீரங்கி மாதிரி மாப்பிள்ளையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ராதா உட்கார்ந்தாள். சறுக்கினாள். மறுபடி ஏறினாள். ஒன்பது கஜம் பட்டு, சறுக்காமல் என்ன செய்யும்? கீழே விழுந்தவளை அத்தைகள் தூக்கினார்கள்.

"நாழியாறது. சித்தப்பா யாராவது இருக்காளா?" என்றார் வாத்தியார்.

சபேசனின் தம்பி சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். சப்பணமிட்டு உட்கார்ந்தார். ராதா அவர் மடியில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. நியாயமாக இதற்கு வருந்த வேண்டியவர் மனசில் என்ன இருந்தது?

சாயங்காலம் தெரிந்தது. பெண்ணை அழைத்துப் போக வாசலில் கார் நிற்கிறது. சம்பந்தி ஏதோ கேட்க வேண்டுமே என்று, "காலுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார். போதாதா! "முதல்ல பிளைகா சார். அப்புறம் அது கான்ட்ராக்சரா..." என்று சபேசன் உற்சாகமாக ஆரம்பித்தார்.

ராதா வந்து நமஸ்காரம் செய்தாள். அந்த நீட்டிய காலைத் தொட்டு, தலை குனிந்தபடி காத்திருந்தாள். ஆசீர்வாதத்துக்கு அவள் தலையில் கை வைக்க வேண்டும். அதற்கு முழங்கால் தேவையில்லை, கை போதும்.

கையால் அவர் சம்பந்திக்கு ஸ்பெல்லிங் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.