ராத்தாவின் கைக்குச் சாவி

சாய்ந்தமருதில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிற வீட்டில், பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படிக்கிற ஸப்னாவின் கழுத்தில் எந்நேரமும் ஒரு சாவி கிடக்கும். கறுப்பு நூலில் கோத்த அலுமாரிச் சாவி. சட்டைக்குள் இருப்பது வெளியே தெரியாது. குனிந்தால் மட்டும் எட்டிப் பார்க்கும்.

அது அவளுக்கு வீட்டில் கொடுத்த உத்தியோகம். அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா நுஸ்ஹாவுக்கு, சில மாதத்துக்கு ஒருக்கா வலிப்பு வரும். கையில் இரும்பு வைத்தால் அடங்கும் என்பது உம்மாவின் நம்பிக்கை. அதெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று கல்முனையில் டொக்டர் சொல்லியிருந்தார். வலிப்பைக் கண்டால் உம்மாவுக்கு ஒன்றும் ஓடாது. ஸப்னாதான் இரண்டையும் செய்வாள். ராத்தாவைச் சரித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, சாவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டு இருப்பாள். கண் விழிக்கும்போது நுஸ்ஹாவுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. கையில் சாவியைக் கண்டதும் விஷயம் விளங்கிவிடும். தங்கச்சியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக ஸப்னா பேய் வந்தாலும் மறித்திருப்பாள்.

"ஒருத்தருக்கும் வாயத் திறந்து சொல்லப்படா மகள். ராத்தாட கலியாணம் முடியணும்" என்று உம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

பெண்ணைக் கொடுக்கிறவர்கள் வீட்டையும் சேர்த்துக் கொடுக்கிற ஊர் இது. வாப்பா ஆழ்கடல் போட்டில் போய் உழைத்து உழைத்து வீட்டின் முன்பக்கத்தை நுஸ்ஹாவுக்கென்றே கட்டி முடித்திருந்தார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்று ஓர் அறை, அதற்கு வார்னிஷ் அடித்த தேக்கங்கதவு. ஜன்னல் சீலைகளை நுஸ்ஹாவே தைத்துப் போட்டிருந்தாள். கல்முனையில் போன் கடை வைத்திருக்கிற றுமைஸுக்குப் பேச்சு நடந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு.

"அவங்க வரக்குள்ள நானே அவருக்கிட்ட என்ட வலிப்பு வருத்தத்தச் சொல்லுவன். கேட்டுப்போட்டு வேணாண்டா போகட்டும்" என்று நுஸ்ஹா உம்மாவிடம் ஒரே பிடியாக நின்றாள். உம்மா அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். கடைசியில் சரி என்றாள். மறைத்துக் கட்டிக்கொள்கிற பெண் இல்லை நுஸ்ஹா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஊர் வேறு மாதிரிக் கதைத்தது.

இப்போது ஜெஸீமா டீச்சருக்கு வருவோம். றுமைஸின் மூத்த சகோதரி. ஸப்னாவின் வகுப்பு டீச்சரும் அவள்தான். சம்பந்தம் பேச்சு வந்த கிழமையே ஸப்னா கடைசி வரிசை வாங்கிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டாள். டீச்சர் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தாள். 'என்ட ராத்தாக்கு டீச்சர் மதினியாகப் போறா' என்று ஸப்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், சின்னப் பிள்ளை. அது விசாரணை என்று அவளுக்கு எங்கே தெரியும்!

பெண் விஷயம் விசாரிக்க மற்றவர்கள் அயல் வீடுகளுக்கு ஆள் அனுப்புவார்கள். ஜெஸீமா டீச்சருக்கு எதற்கு அந்த அலைச்சல்? வகுப்பு முழுவதற்கும் ஒரு செயற்றிட்டம் கொடுத்தாள். 'எங்கள் வீடு'. அட்டையில் வீடு செய்துவர வேண்டும். யார் எந்த அறையில் படுக்கிறார்கள், என்ன சாமான் எங்கே இருக்கிறது, எல்லாம் காட்ட வேண்டும். முப்பது பிள்ளைகள் பால்மாப் பெட்டியும் ஐஸ்கிறீம் குச்சியுமாக இரவு பகல் ஒட்டினார்கள். அந்த முப்பதில் டீச்சர் பார்த்தது ஒன்றே ஒன்று. மற்றவை புள்ளி இல்லாமல், பெயர்கூடப் பார்க்காமல், வகுப்பு மூலையில் குவிந்தன. மழை ஒழுக்கு விழுந்து அங்கேயே ஊறிப்போயின. சீ, என்ன மனிசி!

ஸப்னாவின் அட்டை வீட்டில் தீப்பெட்டியால் செய்த அலுமாரி இருந்தது. ராத்தாவின் கட்டில் இருந்தது. கட்டில் தலைமாட்டில் கம்பியை வளைத்து ஒரு குட்டிச் சாவி செய்து தொங்கவிட்டிருந்தாள்.

"அலுமாரி அங்கால இருக்கு. சாவி ஏன் மகள் ராத்தாட கட்டில்ல?" என்று டீச்சர் கேட்டாள்.

ஸப்னா சட்டைக்கு மேலால் தன் சாவியைப் பொத்திப் பிடித்தாள்.

"சொல்லுங்க. நான் ஆரு, உங்கட ஆள்தானே?"

"சொல்லப்படா டீச்சர். உம்மா சத்தியம் வாங்கியிருக்கா."

"என்னெண்டு சத்தியம்?"

"வாயத் திறந்து ஒருத்தருக்கும் சொல்லப்படாண்டு."

டீச்சர் சிரித்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். "வாயாலதானே சொல்லப்படா? எழுதினா அது சொன்னதாகாது மகள். 'நான் வீட்டில் செய்யும் வேலை' எண்டு உள்ளத உள்ளபடி எழுதித் தாங்க. நல்லா இருந்தா சுவர்ப் பத்திரிகையில போடுவன்."

ஒன்பது வயதுக்கு அந்த நியாயம் சரியாகவே பட்டது. டீச்சர் சொன்னால் சரிதானே! இடைவேளைக்கும் வெளியே போகாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்.

"எனது ராத்தா நல்ல வடிவு. அவவுக்கு வலிப்பு வரும்போது நான் பயப்பட மாட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். வாயில் வரும் நுரையைத் துடைப்பேன். எனது சாவியை அவவின் கையில் வைத்துப் பிடிப்பேன். ராத்தா எழும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பா. நான் இருக்கும்வரை ராத்தாவுக்கு ஒன்றும் ஆகாது."

டீச்சர் நின்ற நிலையில் வாசித்தாள். சிவப்புப் பேனையால் நட்சத்திரம் போட்டு 'மிக நன்று' என்று எழுதினாள். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தாள். தன் ஆக்கத்தை டீச்சர் படம் பிடிக்கிறா என்று ஸப்னா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை உம்மா வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு கலியாணத் தரகர் மீராசாஹிபு போன் எடுத்தார். "அவங்களுக்கு விருப்பமில்லையாம். காரணம் கேக்காதீங்க." கேட்காமலே காரணம் வந்தது. பக்கத்து வீட்டு உம்மு தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் படம் கை மாறிக் கை மாறி அவளுக்கும் வந்திருந்தது. நுஸ்ஹா வாங்கிப் பார்த்தாள். யாருடைய எழுத்து என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியவளே அவள்தான்.

உம்மா அகப்பைக் காம்பால் அடித்தாள். "எங்கட குடியக் கெடுத்துட்டியேடி!"

"நான் வாயத் திறக்கல்ல உம்மா! எழுதின மட்டும்தான்! டீச்சர்தான் சொன்னா!" என்று ஸப்னா கத்தினாள். உம்மாவின் கை ஒருகணம் நின்றது. பிறகு முன்னையைவிடப் பலமாக விழுந்தது.

நுஸ்ஹா அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "நான் சொல்ல இருந்தது" என்று மட்டும் சொன்னாள். அதோடு தங்கச்சியிடம் கதைப்பதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் புது அறைக்குள் போய், தேக்கங்கதவை உள்ளே கொண்டி போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்கும், தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யவும் மட்டும் வெளியே வருவாள். ஸப்னா எதிரே வந்தால் ஒதுங்கிப் போவாள். வேறு சம்பந்தம் ஒன்றும் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஊர் என்ன சொன்னது? நோயை மறைத்துத் தலையில் கட்டப் பார்த்தார்களாம்!

பள்ளிக்கூடத்தில் ஸப்னா திரும்பவும் கடைசி வரிசைக்குப் போனாள். டீச்சர் சொன்ன சொல்லை மட்டும் காப்பாற்றினாள். ஆக்கத்தைச் சுவர்ப் பத்திரிகையில், நட்சத்திரம் தெரிய ஒட்டினாள். பையன்கள் அதை வாசித்துவிட்டு, ஸப்னா போகும்போதெல்லாம் கை காலை உதறிக் காட்டினார்கள்.

நோன்புக்கு முந்திய கிழமை, ஒரு பின்னேரம், அந்த அறைக்குள்ளே தொம் என்று ஏதோ விழுந்தது. கட்டில் கால் சுவரில் அடிபடுகிற சத்தம் கேட்டது. ஸப்னா சாவியைக் கழற்றியபடி ஓடினாள். கதவு அசையவில்லை. "ராத்தா! ராத்தா!" என்று இரண்டு கையாலும் அறைந்தாள். உம்மா வாசலுக்கு ஓடி அலறினாள். பக்கத்து வீட்டு அஸீம் இரும்பு அலவாங்குடன் வந்து, வாப்பாவின் உழைப்பெல்லாம் போட்ட அந்தக் கதவைப் பிளந்து திறப்பதற்குள் உள்ளே சத்தம் ஓய்ந்துவிட்டது.

நுஸ்ஹா நிலத்தில் குப்புறக் கிடந்தாள். கட்டில் விளிம்பு நெற்றியைப் பிளந்திருந்தது. மூச்சு இருந்தது. ஸப்னா எல்லாரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பழகிய வேலை. சரித்துப் படுக்க வைத்தாள், இரத்தமும் நுரையும் துடைத்தாள், சாவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மூடி, அழுதுகொண்டே பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது ராத்தா சிரிப்பா. எழும்பும்போது அவவுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நுஸ்ஹா கண் திறந்தாள். கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். கிழிந்த உதட்டால் மெல்லக் கேட்டாள்.

"இதையும் எழுதப் போறியா?"

ஸப்னா சாவியை எடுத்துக்கொண்டு போய் அலுமாரிப் பூட்டிலேயே கொழுவிவிட்டாள்.