தோற்ற பிறகும் கூப்பிடுவார்கள்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்தக் கட்டுரையை நைனாதான் எழுதுவதாக இருந்தது. பிள்ளையைப் பற்றி அப்பன் எழுதும்படி ஆகிவிட்டதே என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். குழந்தை தூங்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. ஏதாவது பிசகாகச் சொல்லியிருந்தால் அண்ணன் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் செஞ்சியில் பிறந்தார். நைனா ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அம்மா சிங்கவரத்துக்காரர். பள்ளி விடுமுறையில் நைனாவோடு போய்க் கடலை மூட்டைக்குத் தோள் கொடுத்ததில் அண்ணனுக்குக் கழுத்தும் முன்கையும் இறுகிப் போயிருந்தன. விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்ய வந்தவர்கள் அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் மல்யுத்தத்தில் சேர்த்தார்கள். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அந்த விளையாட்டைப் பார்த்ததுகூட இல்லை.

ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் அண்ணன் ஆடினார். அவருடைய உடம்பு அதற்குள் நிற்காது. போட்டிக்கு முந்திய நாட்களில் சட்டைக்குள் பாலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் ராஜகிரி அடிவாரத்தில் ஓடுவார். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. "இன்னாடா இது, ஊட்ல சோறு இல்லாத மாதிரி" என்று சட்டியைத் தரையில் வைக்கும் சத்தத்திலேயே கோபத்தைக் காட்டுவார். எடை பார்த்து முடித்ததும் சாப்பிடுவதற்காக வெல்லம் போட்ட கடலை உருண்டையைக் கட்டிக் கொடுத்து அனுப்புவதும் அதே அம்மாதான்.

அண்ணனின் வாழ்க்கை ஒரு பிற்பகலில் திசை மாறியது. இங்கே வந்திருக்கும் பலருக்கு அது அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் சொல்வது சரியா என்று யோசித்தேன். அண்ணனே யாரிடமும் மறைக்காததால் சொல்கிறேன்.

வடக்கே ஒரு நகரத்தில் அகில இந்திய இளையோர் போட்டி நடந்தது. முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறவர்களை, இளையோர் உலகப் போட்டிக்கான பயிற்சி முகாமுக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார். அவர் பழகியிருந்த முறையில் பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஆடவிடுவார்கள். குழுவில் முதலாவதாக வராவிட்டால் அதோடு சரி. ஆனால் உலகப் போட்டிகளில் அந்த விதி அப்போதுதான் மாறியிருந்தது. இறுதிப் போட்டிக்குப் போகிறவரிடம் தோற்றவர்களை மட்டும் திரும்ப அழைத்து, வெண்கலத்துக்கு ஆடவிடுவது என்று ஆகியிருந்தது. இந்தப் போட்டியிலும் அந்த விதியைத்தான் வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு அது தெரியாது. பயிற்சியாளர் வேறொரு பையனின் ஆட்டத்தில் இருந்தார்.

பல நாள் பசி. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் நிலையத்துக்கு எதிரே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கிடைத்த ரயிலில் ஏறிவிட்டார். அவரைத் தோற்கடித்தவர் மாலையில் இறுதிப் போட்டிக்குப் போனார். ஒலிபெருக்கியில் அண்ணன் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு ஆளில்லாத பாயில் எதிராளியின் கையைத் தூக்கிவிட்டார்கள். பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்லி இது அண்ணனுக்குத் தெரிந்தபோது, அவர் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் செஞ்சி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னார். "என்னக் கூப்ட்டாங்கம்மா. நான் அங்க இல்ல."

அதன்பிறகு முழங்காலில் அடி, நைனாவுக்கு இடுப்பு வலி, என் படிப்பு. அண்ணன் விற்பனைக் கூடத்தில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். என் கல்யாணம் முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளினார். என் கல்யாணம் முடிந்தபின் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மல்யுத்தத்தை மட்டும் அவர் விடவில்லை. மாவட்டப் போட்டிகளில் பாய் விரிப்பது, எடை பார்ப்பது, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் போய் நின்றார்.

உலகப் போட்டிகளின் கதை எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்பட்டது. ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு முன்பே உலகப் போட்டி என்று நடத்தத் தொடங்கிவிட்டார்கள், அப்போது இடுப்புக்கு மேலே மட்டும் பிடிக்கிற கிரேக்க ரோமன் முறைதான் என்பார். காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைலுக்கு, அதாவது அவர் ஆடிய முறைக்கு, உலகப் போட்டி வர அரை நூற்றாண்டு ஆயிற்றாம். பெண்களுக்கு அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். நேர வரம்பு இல்லாத அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம் காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை போனதாம். தோற்றவரை உடனே அனுப்பாமல், தோல்விக்கு இத்தனை கெட்ட புள்ளி என்று சேர்த்துக்கொண்டே வந்து, அளவு மீறினால் மட்டும் வெளியேற்றிய காலமும் இருந்ததாம். நடுவில் சில வருஷங்கள், யாரும் புள்ளி எடுக்காவிட்டால் பைக்குள் கைவிட்டு வண்ணப் பந்தை எடுத்து, எந்த நிறம் வருகிறதோ அந்த நிற உடுப்புக்காரருக்கு எதிராளியின் காலைப் பிடித்துத் தொடங்கும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். அது மட்டும் அண்ணனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. சீட்டுக் குலுக்கவா இத்தனை நாள் பட்டினி கிடந்தான் என்று பந்து எடுத்தவரை விட்டுவிட்டு எங்களிடம் சண்டைக்கு வருவார்.

அவர் சொன்ன கதைகளில் ஜெயித்தவர்கள் குறைவு. எந்த நாட்டு வீரர் முதல் சுற்றில் தோற்று, பிறகு திரும்ப அழைக்கப்பட்டு, வெண்கலத்தோடு போனார் என்பதுதான் அவருக்கு முக்கியம். "ஒலகத்துல தோத்தவன் பேரெல்லாம் இவனுக்குத் தெரியும். ரேஷன்ல பருப்பு எப்பப் போடறான்னு தெரியாது" என்பார் அம்மா.

நம் நாட்டு வீரர் ஒருவர் ஒலிம்பிக்கில் அப்படித் தோற்று, திரும்ப அழைக்கப்பட்டு, வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் ஒன்றாகப் பார்த்தோம். நான் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் இல்லை. தெருக்குழாய் அருகே போய் நின்றுகொண்டிருந்தார். அம்மா காப்பி எடுத்துக்கொண்டு போனார். அதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பிற்பாடு, மல்யுத்தத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். சில மாதங்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். விற்பனைக் கூடத்திலிருந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "பாத்தியா பாப்பா, அதையே திரும்பக் கூப்ட்டாங்க."

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மாவட்டப் போட்டியில் முதல் சுற்று முடிந்ததும், யாரையும் போகவிடாமல் மண்டப வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை செஞ்சியில் நடந்த போட்டியில், மேல்சித்தாமூர் பக்கத்து மாணவி ஒருத்தி தோற்றதும் தன் அப்பாவோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அவளை ஜெயித்த பெண் இறுதிக்குப் போய்விட்டாள். அண்ணன் ஒலிபெருக்கியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் சாலையில் பறந்தார். வல்லம் நிறுத்தத்தில் பேருந்தைப் பிடித்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் அப்பா இறங்க மறுத்தார். "ஒரு தடவ தோத்தது பத்தாதா? ஊரு பாக்க இன்னொரு தடவ தோக்கணுமா?"

"ஃபைனல் போனவகிட்ட தோத்தவங்களுக்கு இன்னும் ஆட்டம் இருக்குது அண்ணே. தோக்கறதுன்னா பாய் மேல தோக்கட்டும். பஸ்ஸுல உக்காந்துக்கினு தோக்க வேணாம்" என்றார் அண்ணன்.

நடத்துநர் பொறுமை இழந்து, "கல்யாணத்துல கோச்சுக்கினு போற சம்பந்தியக் கூட இப்படி யாரும் வந்து கூப்பிடல. எறங்கிப் போய்யா" என்றிருக்கிறார். பேருந்தே சிரித்ததில் பெண்ணின் அப்பா இறங்கிவிட்டார். அந்தப் பெண் மூன்றாம் இடம் வாங்கினாள். நைனா இதைச் சொல்லும்போதெல்லாம் நடத்துநர் குரலிலேயே சொல்வார். இந்த ஒரு வருஷமாகச் சொல்லவில்லை.

இனி எழுதுவதுதான் கடினம்.

போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு, வேலையில் இருந்தபோதே அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு மூட்டையின் மேல் சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. புதுச்சேரியில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கண் திறக்கவில்லை. மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. நம்பிக்கை குறைவுதான், முடிவை நீங்கள் எடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். உறவினர்கள் கூடிப் பேசினார்கள். யார் மேலும் எனக்குக் குறை இல்லை. கடைசி மூச்சு வீட்டில்தான் போக வேண்டும் என்பது நம் வழக்கம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. சித்தப்பா என் தலையில் கைவைத்து, "ஆஸ்பத்திரியில போவ வேணாம்மா. மூச்சு இருக்கச்சொல்லவே ஊட்டுக்குக் கூட்டிம்போயிரலாம்" என்றார். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

கைக்குழந்தையோடு நின்றிருந்த எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பால் காய்ந்ததா என்பதையே இரண்டு முறை பார்க்கிறவள் நான். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அண்ணன் ஆட்டம் முடியறதுக்கு முன்ன எந்த எடத்த உட்டும் கெளம்ப மாட்டாரு சித்தப்பா. பேரு கூப்பிடுவாங்க. நாம இருப்போம்" என்றேன்.

சித்தப்பாவே வெளியே போய் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்.

அந்த வாரம் முடிவதற்குள் அம்மாவின் விரலை அண்ணன் வலது கையால் அழுத்தினார்.

வீட்டுக்கு வந்தார். ஆனால் இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறியது. எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கிய உடம்பை நைனாவும் சித்தப்பாவும் தூக்கிக் குளிப்பாட்டினார்கள். அம்மா ஊட்டிவிட்ட சோறு வாயின் ஓரத்தில் வழியும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், போக இருந்தவரைப் பிடித்து நிறுத்தி வதைக்கிறேனோ என்று எனக்குள் அரித்தது. ஒரு பிற்பகலில், என் மகன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கேட்டேவிட்டேன். "உன்ன ஊட்டுக்குக் கூட்டிக்கினு வராம அங்கயே வச்சிருந்தது தப்பாண்ணா?"

ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். "இல்ல பாப்பா. இது வெண்கலம். மூணாவது எடம்னாலும் மேட ஏத்துவாங்க." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, மடியில் இருந்தவனைக் கண்ணால் காட்டி, "மெடல் கனமா இருக்குது. கால் மரத்துப்போச்சு. தூக்கு" என்றார். மரத்துப்போவதற்கு அந்தக் காலில் உணர்ச்சியே கிடையாது. நான் சிரிக்க வேண்டும் என்று சொன்னார். சிரித்தேன்.

அந்தக் கடலை வரத்துக் காலம் முழுவதும் அண்ணன் எங்களோடு இருந்தார். மாலையில் நைனா அவரைச் சக்கர நாற்காலியில் விற்பனைக் கூட வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார். வரத்து ஓய்ந்த பிறகு ஒரு காலையில் மறுபடியும் ரத்தக்கசிவு. இம்முறை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அம்மா அவர் காதருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நிறுத்தாமல் கூப்பிட்டார். நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அண்ணனைத் தூக்கிச் சுமந்த சித்தப்பாவுக்கும், கண்விழித்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அண்ணனின் நாற்காலிக்காக வாசல் மேட்டைச் சரிவாக்கிக் கொடுத்த விற்பனைக் கூடத் தோழர்களுக்கும், ரத்தம் கொடுக்கப் புதுச்சேரிக்கு வண்டி பிடித்து வந்த மல்யுத்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சுடுகாட்டில் எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருவர் மட்டும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மேல்சித்தாமூர் பெண்ணின் அப்பா. நைனா போய், கடைசிப் பேருந்து போய்விடும் என்றார். "போவட்டும்யா. முடியட்டும்" என்றார் அவர்.

இன்னும் பலர் உதவியிருக்கிறீர்கள். எத்தனை முறை சரிபார்த்தாலும் யாரையோ விட்டுவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் பெயர் இதில் இல்லையென்றால் மனம் வருந்திக் கிளம்பிவிடாதீர்கள். இன்று சாப்பாடு முடிந்ததும் நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் இருங்கள். கூப்பிடுவோம்.