மடிப்பில் போன மூக்கு

மன்னாரில் பதினொரு வீடுகளின் சுவரில் தொங்குகிற, இறந்துபோனவர்களின் படங்களில் இருப்பது என்னுடைய மூக்கு. வைத்தவன் நான்தான். இதுவரை ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை... உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். மீள்குடியேறி வந்த சனம் கொண்டுவந்த படங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சண்டைக்குப் பயந்து ஓடும்போது எல்லாரும் படத்தை நாலாக மடித்துப் பைக்குள் செருகியிருக்கிறார்கள். நாலாக மடித்தால் மடிப்புகள் சந்திக்கிற இடம் எது? சரியாக மூக்கு! கண் இருக்கும், மீசை இருக்கும், நடுவில் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். அதைக் கணினியில் நிரப்பிக் கொடுப்பதுதான் பஸ் நிலையத்தடியில் என் பிழைப்பு.

மவுசால் வரைந்து வரைந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. கணினியோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை ஒன்று வாங்கக் கொழும்புக்குப் போனேன். கடையில் நின்ற பிள்ளை என் மேசையின் அளவைக் கேட்டாள்.

"நடுத்தரமானதே காணும் அண்ணை. பெரிசெண்டால் தோள் நோகும், கீபோர்ட் வைக்கவும் இடம் வராது."

எனக்கா புத்தி சொல்கிறாய்! தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் ஏணியில் நின்று சுவரில் ஆளுயர எழுத்து எழுதியவன் நான். இருந்ததிலேயே பெரியதை வாங்கினேன். என்ன திமிர்...

அது மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டது. கீபோர்டை மடியில் வைத்தேன். ஒரு கோடு இழுக்கத் தோளிலிருந்து கையை வீச வேண்டும். கை பலகையில், கோடு எதிரே திரையில். எதைப் பார்ப்பது? வரைந்த மூக்கெல்லாம் கத்தரிக்காயாக வந்தன. ஒன்று, வாசலில் நின்ற கழுதையின் மூக்காகவே வந்தது.

ஊரெல்லாம் பீற்றியாயிற்று, மாற்றக் கௌரவம் விடவில்லை. மூன்று கிழமை மல்லுக்கட்டி, கண்ணாடியைப் பார்த்து ஒரேயொரு மூக்கை ஒழுங்காக வரைந்து சேமித்தேன். என் மூக்கு. பிறகு வந்த முகங்களிலெல்லாம் அதையே ஒட்டினேன். கொஞ்சம் பெருப்பித்து, கொஞ்சம் கறுப்பித்து... யார் கண்டார்கள்?

அப்போதுதான் உப்புக்குளத்து மேரி அக்கா வந்தார். இடம்பெயர்ந்த காலத்தில் காய்ச்சலில் போன கணவரின் ஒரேயொரு படம். தகப்பனைக் காணாமலே பிறந்த மகளுக்காகக் கேட்டார். "அவற்ற மூக்கு எப்பிடி அக்கா?" என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கேட்டால் வரைய வேண்டி வருமே!

என் மூக்கை ஒட்டிக் கொடுத்த படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நான் தடிமன் பிடித்தவன்போலக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன்.

"வேற மாதிரி எண்டு நினைச்சிருந்தனான் தம்பி. எனக்குத்தான் மறந்துபோச்சு போல. ஓம், இவர்தான்."

ஞாயிறு பூசையில் கைக்குட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? மகள் கண்டுவிட்டாள். "அம்மா, இந்த மாமாவுக்கும் அப்பாட மூக்கு." அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

கடைசியில் நடுத்தரமானதை வாங்கினேன். கீபோர்ட் மேசைக்கு வந்தது, தோள்நோவும் போய்விட்டது. இப்போது எந்த மூக்கும் வரைவேன். போன மாதம் துணிந்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அந்தப் படத்தை இன்னும் வடிவாக்கித் தாறன் அக்கா. அவற்ற மூக்கு எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்கோ."

அக்கா கண்ணை மூடி யோசித்தார். பிறகு சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார்.

"இப்பிடித்தான் தம்பி இருந்தது."

அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.