நீச்சல் குளத்தைக் காட்டிக்கொடுத்தது யார்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் லேசில் நம்பிவிட மாட்டார்கள். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அம்மா பாலைச் சந்தேகப்பட்டாள், கடுகெண்ணெயைச் சந்தேகப்பட்டாள், அங்கே புச்கா என்று சொல்லும் பானிபூரி விற்பவரின் பானையைக் கண்டால் எங்கள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப் போனாள். அப்பா மத்திய அரசில் தணிக்கை அதிகாரி. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவர். அவர் சந்தேகப்படாத ஒரே பொருள், பெஹாலாவில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம். ஏனென்றால் அதன் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர்.

வாடகைக்கு இருந்தவரைப் பிடித்துச் செயலாளர் ஆக்கியது, வேறு எவரும் அந்தத் தலைவலிக்கு முன்வராததால். அப்பா அதைத் தன் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மருந்து நெடி கண்ணைக் கரிக்கிறது என்று சில வீட்டார் முனகியதைக் கேட்டு, தண்ணீரில் போடும் குளோரினை முதலில் பாதியாகக் குறைத்தார். நெடி குறைந்தது, பாராட்டு வந்தது. அந்த உற்சாகத்தில் மிச்சப் பாதியையும் பாதியாக்கினார். "வாடையே இல்லாத தண்ணிதான் சுத்தமான தண்ணி" என்று லிஃப்டில் ஏறுவோரிடமெல்லாம் சொன்னார். குளத்தின் அடியில் நீலக் கற்கள் பதித்திருந்தார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் மேலிருந்து பார்க்க நீலமாகவே தெரியும்.

அந்தக் கோடையில் தம்பிக்குக் காதில் சீழ் வைத்தது. காதில் தண்ணீர் படக் கூடாது, இப்படியே போனால் செவிப்பறையில் ஓட்டை விழுந்து காது கேட்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அம்மா இனி அவனைக் குளத்துக்கு அனுப்புவதில்லை என்றாள். ஆனால் அதே சமயம் வேறு சில வீடுகளிலும் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, குளத்துக்கு வருவது குறைந்திருந்தது. அப்பாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"செக்ரட்டரி பிள்ளையே எறங்கலேன்னா வேற யாரு எறங்குவா? காதுல பஞ்ச வச்சு அனுப்பு. கண்ட புச்காவையும் தின்னுட்டு வந்தா அதுக்குக் குளம் என்ன பண்ணும்?"

"புச்காவக் காது வழியாவா திங்கான்?" என்று அம்மா கேட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவே தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், எல்லோரும் பார்க்கும்படி ஆழமில்லாத பக்கத்தில் இறக்கிவிட்டார். அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா மேலே பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை, திட்டவில்லை. அவள் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் அவளுக்குத் திடீரென்று வங்காளம் கற்கும் ஆசை வந்தது. வந்து ஐந்து வருடமாகியும் விலை கேட்கத் தெரிந்த அளவோடு சந்தையைச் சமாளித்தவள். எனக்கோ தமிழைவிட வங்காளம்தான் நாக்கில் முந்திக்கொண்டு வரும்.

"ஏட்டி, 'தண்ணி கெட்டுப்போச்சு, பிள்ளைகளுக்குக் காதுல சீழ் வடியுது', இத பங்களாவுல எப்படிட்டி சொல்லணும்?"

"யார்கிட்ட சொல்லணும்?"

"யார்கிட்டயும் இல்ல. தெரிஞ்சு வச்சுக்கலாம்லா."

சீழுக்கு வங்காளம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் ஓடினேன்; மாஷிமா என்றால் பெரியம்மா, பிள்ளைகள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஒரு பெண்கள் பள்ளியில் வங்காள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். லிஃப்ட் சத்தத்திலிருந்து பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கி வரை எல்லாவற்றையும் குறை சொல்வார். அதனால் குடியிருப்பில் அவருக்கு வேண்டியவர்கள் குறைவு. நான் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாருக்கு வேண்டும் என்றார். அம்மாவுக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அழுக்குத் தண்ணீரை நாங்கள் எல்லோரும் 'நோங்ரா ஜோல்' என்போம். அது தெருப் பேச்சு, 'தூஷிதோ ஜோல்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினார்.

அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தேன். குளத்துக்கான சொல் போய் வந்தது, நாற்றத்துக்கான சொல் போய் வந்தது, கடைசியில் 'தயவுசெய்து நேரில் வந்து பாருங்கள்' என்பதும் போய் வந்தது. அம்மா பருப்பைக் கடைந்தபடி அவற்றை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கத்தரிக்காய்க்காரரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேச வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் வார்டு சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, ஒரு புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வெயிலில் தூக்கிப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வடிகட்டியின் மூடியைத் திறந்தபோது வாடையே இல்லாத தண்ணீரின் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாயங்காலத்துக்குள் குளத்துக்குப் பூட்டு விழுந்தது.

கமிட்டிக்காரர்கள் இன்ஸ்பெக்டருக்கு டீயும் சந்தேஷ் இனிப்பும் கொடுத்து, புகார் சொன்னது யார் என்று மெல்ல வாயைக் கிளறினார்கள். கூப்பிட்டவர் பெயர் சொல்லவில்லை என்றார் அவர். போனை எடுத்த ஊழியர் சொன்னது மட்டும் அவருக்குத் தெரியும்: ஒரு பெண்மணி, நிறுத்தி நிதானமாக, பாடப் புத்தகம் வாசிப்பதுபோலப் பேசினாராம். "இந்தக் காலத்தில் யார் 'தூஷிதோ' என்று சொல்கிறார்கள்?" என்று சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. தமிழ் வீடு, ஒடியா வீடு, இந்தி வீடு எல்லாம் அந்த ஒரு சொல்லில் சந்தேகத்திலிருந்து கழிந்துபோயின; மிச்சமிருந்த வங்காளி வீடுகளில் பாடப் புத்தகம்போலப் பேசுகிறவர் ஒருவர்தான். எனக்கோ எள்ளளவும் சந்தேகமில்லை. அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே மாஷிமாதானே? இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்பா முன்னால் நடக்க, கமிட்டி மாஷிமாவின் கதவைத் தட்டியது. நான் எங்கள் வாசலில் நின்றேன். அம்மா என் பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். போன் பண்ணியது நீங்கள்தானா என்று அப்பா பாதி இந்தியும் பாதி வங்காளமுமாகக் கேட்டார். மாஷிமா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக எங்கள் வாசலைப் பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"ஆமாம், நான்தான் செய்தேன்" என்றார் மாஷிமா. "பிள்ளைகள் செவிடாகும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?"

அம்மா என்னை விலக்கிவிட்டு வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். அதற்குள் மாஷிமா கதவைச் சாத்திவிட்டார்.

அதன் பிறகு அவரோடு யாரும் பேசவில்லை. பூஜைக்குக் குடியிருப்பில் செய்யும் கிச்சுடி போக் பிரசாதம் எல்லா வீட்டுக்கும் போனது, அவர் வீட்டுக்குப் போகவில்லை. குளம் மூடிய கோபத்தில் பிள்ளைகள் நாங்கள் அவர் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுவோம். அம்மா மட்டும் வாரம் தவறாமல் என் கையில் புளியோதரையைக் கொடுத்து அவரிடம் அனுப்பினாள்.

"ஊரையே காட்டிக் குடுத்தவளுக்குப் புளியோதரையா?" என்று அப்பா கேட்டார்.

"மீந்துபோச்சு" என்றாள் அம்மா. நாங்கள் யாரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.

பாத்திரத்தை வாங்கும்போதெல்லாம், தம்பிக்குக் காது எப்படி இருக்கிறது என்று மாஷிமா கேட்பார். அடுத்த புகாருக்குத் துப்புத் தேடுகிறார் என்று நினைத்து நான் வாயே திறக்க மாட்டேன். காது என்னவோ ஆறிவிட்டது. குளத்தையும் கழுவித் திறந்துவிட்டார்கள், கண் கரிக்கக் கரிக்கக் குளோரின் போட்டார்கள். அப்பா செயலாளராக இல்லை.

மறு வருடம் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று சாமான் மூட்டைகளுக்கு நடுவில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நன்றிங்கறதவிடப் பெரிய வார்த்தை பங்களாவுல ஏதாவது இருக்கான்னு மாஷிமாகிட்ட கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். மாஷிமா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"அப்படி ஒரு வார்த்தை வங்காளத்தில் இல்லை" என்றார். "புளிச்சாதம் நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்."

அப்படியே வந்து ஒப்பித்தேன். அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டதற்கு, ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்றாள். கல்கத்தாவின் பாலைக்கூட நம்பாதவளுக்கு அப்படி என்ன வருத்தம்? எனக்குச் சந்தேகமெல்லாம் மாஷிமா மேல்தான். காலமெல்லாம் வங்காளம் கற்பித்தவருக்கு ஒரு வார்த்தை தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே சொல்லாமல் மறைத்து, போகிற நேரத்தில் அம்மாவை அழவைத்துவிட்டார். அதற்காகவே, டாக்சியில் ஏறுவதற்கு முன்னால் திரும்ப மாடிக்கு ஓடி, அவர் வீட்டு மணியை ஒருமுறை பலமாக அடித்துவிட்டு வந்தேன்.