வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில்

என் தங்கச்சி குடும்பத்துக்கு ஐந்து லட்சம் கடன் இருந்தது. அவ்வளவும் ஆஸ்பத்திரிக்குக் கட்டியது. கொடுத்தவர் இரும்புக்கடைக்காரர். அதற்கு ஈடாக அவர் எழுதி வாங்கிக்கொண்டது அவர்கள் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஜெனரேட்டரை. மாதம் முடிவதற்குள் அது வேலைக்குப் போய் வட்டியாவது வர வேண்டும். வராவிட்டால் அவரே ஆள் வைத்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பேச்சு.

இன்றைக்கு எனக்கு மூன்று டயர் கடைகள் இருக்கின்றன. அன்றைக்கு நான் வெறும் பஞ்சர் கடைக்காரன். ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, உட்கார ஒரு பழைய டயர், அவ்வளவுதான் என் ஆஸ்தி. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள் அல்லவா, நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் இது என் கதை இல்லை, என் தங்கச்சியின் கதை. கட்டட வேலை நடக்கிற இடத்தில் எல்லாரும் அவளை ஜெனரேட்டரக்கா என்பார்கள். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் கழற்றுவது, காசு தராமல் இழுத்தடிக்கிற மேஸ்திரியின் வீட்டு வாசலில் போய் உட்காருவது எல்லாம் அவள். வாய் கொஞ்சம் அதிகம். அதுவும் எங்கள் குடும்பச் சொத்து. பிக்கப் ஓட்டுவதும், இரண்டு டன்னுக்கு மேலிருக்கும் அந்த ஜெனரேட்டர் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி இழுத்துப்போவதும் அவள் புருஷன், என் மாப்பிள்ளை.

ஒரு நாள் சரிவான ஒரு இடத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். டிரெய்லரைக் கொக்கியில் இறக்க, வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் போய் நின்றார். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் பின்னால் வந்தது. ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அந்த வண்டியை முதல் வாரமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார், பேச்சு கிடையாது. தங்கச்சி அந்த நாட்களில் லைசென்ஸ் எடுத்தாள். கழுத்தில் கிடந்ததை விற்றாள். நானும் என் கல்லாவைக் கவிழ்த்துக் கொட்டினேன். எல்லாம் சேர்ந்து ஒரு துணிப்பையில் இரண்டு லட்சம் தேறியது.

"பழைய பிக்கப் ஒண்ணு பாக்கலாம்னு இருக்கோம்" என்றாள், சுவரைப் பார்த்திருந்த முதுகிடம்.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"கொக்கி மாட்டுறது?"

"அதுக்கு வேற ஆளா வைப்பாங்க? அதுவும் நான்தான்."

மாப்பிள்ளை திரும்பிப் படுத்தார். நாற்பது நாளில் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மச்சான், நான் நின்ன இடத்துல இனிமே இவ நிக்கப்போறா. வண்டியை நான் பாக்காம வாங்கக் கூடாது."

வண்டி பார்ப்பதில் என் வழி தனி. எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருப்பான். சுமை இழுக்கிற வண்டிக்கு நான் பானெட்டைக் கடைசியில்தான் திறப்பேன். முதலில் அடியில் படுப்பேன். கொக்கியைப் பிடிக்கிற போல்ட் துளை முட்டை மாதிரி நீண்டிருந்தால், அது தாங்காத சுமையை இழுத்த வண்டி. அடிச்சட்டமான சேஸில் ஒரு இடம் மட்டும் புதுக் கருப்பாக இருந்தால், அந்தப் பெயிண்டுக்குக் கீழே வெல்டிங் இருக்கும். பின் டயர் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தே இரண்டு வண்டியைத் தள்ளினேன்.

மாப்பிள்ளையின் சோதனை வேறு. அதை ஒரு தரகரின் பழைய வண்டி ஷெட்டில்தான் முதலில் பார்த்தேன். அங்கே நின்ற பிக்கப்பில் என் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. தரகர் வாய் ஓயாமல் புகழ்ந்தார்.

"ஹேண்ட் பிரேக் எப்படி?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"மலையிலே நிறுத்தினாலும் நிக்கும்ணே."

"அவ்வளவு தூரம் வேணாம். அந்த வாசல் சரிவுல நிறுத்து, பின்னாடி சுவர் இருக்கு. சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல நீ நில்லு."

தரகர் சிரித்தார். "நிக்க வேண்டியது வண்டிண்ணே. நான் எதுக்கு?"

"வண்டி நின்னா நீயும் நிக்கலாமே."

அப்போதுதான் தரகர் மாப்பிள்ளையின் மடித்துத் தைத்த கால்சட்டையை உற்றுப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வேற இடம் பாருங்க" என்று கணக்குப் பார்க்கிற மேஜைக்குப் போய்விட்டார். இதைவிடப் பெரிய சோதனை உலகத்தில் இல்லை என்று நானும் நினைத்தேன். விற்கிறவன் நடுவில் நின்றால் வண்டி நல்ல வண்டி. ஊன்றுகோலில் வீடு திரும்பும்போது மாப்பிள்ளை முகத்தில் ஒரு தெளிவுகூட இருந்தது.

மாதம் முடியப் போகிற நேரத்தில் தண்ணிக்காரர் வந்தார். தண்ணீர்த் தொட்டி டிரெய்லரை இழுத்து வீடு வீடாக ஊற்றிப் பிழைத்தவர். பிக்கப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டுச் சொல்லி அனுப்பியிருந்தோம். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அடியில் படுத்துப் பார்த்தேன். போல்ட் துளைகள் வட்டமாக, சேஸ் முழுக்க ஒரே பழைய துரு நிறமாக, பின் ஸ்பிரிங் பட்டைகள் ஒடியாமல் இருந்தன. கிளட்ச் வழுக்கவில்லை. சொக்கத் தங்கம் என்று தங்கச்சியிடம் கண்ணைக் காட்டினேன்.

அவர்கள் வீட்டு முன்னால் சரிவு. ஜெனரேட்டர் டிரெய்லர் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து அங்கேதான் நின்றது. பாரத்துக்காகப் பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு டீசல் பீப்பாய்களை ஏற்றினோம். முகம் மேட்டைப் பார்க்க, பின்பக்கம் டிரெய்லரைப் பார்க்க நிறுத்தினோம். மாப்பிள்ளை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தரகரிடம் கேட்டதையே கேட்டார்: வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நிற்பாயா?

தண்ணிக்காரர் மறுபேச்சு பேசவில்லை. நடுவில் போய் நின்றார்.

நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, கால் பிரேக்கிலிருந்து மெல்லப் பாதத்தைத் தூக்கினேன். வண்டி நின்றது. அப்பாடா என்று நினைப்பதற்குள் கைக்குக் கீழே ஹேண்ட் பிரேக்கின் பல் ஒன்று டக் என்று நழுவியது. வண்டி பின்னால் போனது. பிரேக்கை மிதித்த மிதியில் என் தலை பின் கண்ணாடியில் இடித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், அவர் தொடைக்கும் வண்டிக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையாது. அவர் அசையாமல் நின்றார்.

"மச்சான், அவரை இப்படி வரச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. தண்ணிக்காரர் வந்து நின்றார்.

"மச்சான் காலைத் தூக்குறதுக்கு முன்னாடியே நீ கண்ணை மூடிட்ட. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். பிரேக் நிக்காதுன்னு உனக்குத் தெரியும்."

தண்ணிக்காரர் தரையைப் பார்த்தார். "பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குறா. சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா ஆபரேஷன் கிடையாதுங்குறாங்க. நீங்க எல்லாரையும் நடுவுல நிக்கச் சொல்றீங்கன்னு தரகர் சொன்னாரு. நின்னாத்தான் வாங்குவீங்களாமே."

"கால் போயிருந்தா?"

"பாவம் பாத்தாவது வாங்குவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குக் கை ஓங்கத் தோன்றியது. மாப்பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நான் தெரியாம நின்னேன். நீ தெரிஞ்சே நின்ன." பிறகு தங்கச்சியைப் பார்த்து, "இந்த வண்டி வேணாம். அனுப்பிடு."

தங்கச்சி என்னிடம் திரும்பினாள். "மத்ததெல்லாம் நல்லாருக்காண்ணா?"

"எல்லாம் நல்லாருக்கு."

"ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ண முடியுமா?"

"யாருகிட்டக் கேக்குற?" என்றேன்.

"வேணாம்னு சொல்றேன்ல" என்றார் மாப்பிள்ளை.

"இன்னொருத்தர் வந்து நின்னா மட்டும் நம்பிடுவீங்களா? காசுக்கு வழியில்லாதவங்க யாருன்னாலும் நிப்பாங்க. இனிமே யாரு நின்னாலும் நம்ப முடியாதுங்க. நான்தான் நின்னு பாக்கணும்."

மாப்பிள்ளை ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

புது கேபிளும் பிரேக் ஷூவும் பல் சக்கரமும் வாங்கிவந்தேன். அந்தக் காசை விலையில் கழிப்பது என்று பேச்சு. தண்ணிக்காரர் என்கூட வண்டிக்கு அடியில் படுத்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தார். வேறொருவன் கை வைக்க நான் விடவில்லை. ஒவ்வொரு நட்டையும் நானே முறுக்கி, மறுபடி முறுக்கினேன். இத்தனை வருஷத்தில் என் கை அப்படி வேர்த்ததில்லை.

தங்கச்சி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து ஊன்றுகோலில் நின்றார்.

"கண்ணை மூடாத" என்றார்.

"மூடலை. அண்ணா, கதவைத் தொறந்து ரெண்டு காலையும் வெளியே போடு. எனக்கு உன் கால் தெரியணும்."

"நான் உள்ள வச்சிக்கிறேன்மா. மிதிக்க மாட்டேன்."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? வெளியே போடு."

போட்டேன். பீப்பாயில் டீசல் அசையும் சத்தம் கேட்டது. தண்ணிக்காரரின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வண்டி அசையவில்லை. தங்கச்சி குனிந்து டிரெய்லர் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, மாட்டுவது போலத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. வண்டி நின்ற இடத்தில் நின்றது. அதன் பிறகுதான் வெளியே வந்தாள். மாப்பிள்ளை அதற்குள் வீட்டுக்குள் போயிருந்தார்.

அந்த வண்டியில்தான் அவள் கடனை அடைத்தாள். இன்றைக்கு அவளுக்கு நாலு ஜெனரேட்டர். நடுவில் போய் நிற்கிற வேலையை இன்றும் ஆளிடம் விடுவதில்லை. அவள் கொக்கி மாட்டும்போது மாப்பிள்ளை ஒரு நாளும் வாசலுக்கு வந்ததில்லை. தண்ணிக்காரரின் மனைவி ஆபரேஷன் முடிந்தும் பிழைக்கவில்லை. அதைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டோம்.

அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. "ஆஸ்பத்திரில இருந்துதான். பணம் எங்கேங்குறாங்க" என்று தண்ணிக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டார். தங்கச்சி துணிப்பையை அவிழ்த்தாள். அவர் வலது கையை நீட்டி விரித்தார். கை முழுக்கக் கிரீஸ் படிந்து கறுத்திருந்தது. அவள் தன் இடது கையால் அதைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி வைத்தாள்.